இரட்டைப்படை

லாரி என்பது எங்கள் ஊரில் பணம்.
சக்கரம் கிடையாது, ஆனாலும் கையில் நிற்காது.
குத்தாயிசிச் சந்தையின் பின்வாசலில்
மூன்று வாளிப் பூவோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பெயர் எத்தேரி. கணக்குக்கு ஒரு நோட்டு,
பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டு.

பிப்ரவரியில் மிமோசா கொத்து நான்கு லாரி,
நாளைக்கு நாற்பது போகும்.
ஐந்தாக்கினேன். இருபத்தெட்டு.
பெருக்கிப் பாருங்கள்,
நூற்றறுபது நூற்று நாற்பதாயிற்று.
விலையேறி வரவு இறங்கிய விந்தையை
வாய்பாடு சிரிக்காமல் சொன்னது.
மறுநாளே அட்டையைத் திருப்பி வைத்தேன்,
எதுவுமே நடக்காததுபோல.

எதிரே அவ்தாந்தில்
கிணறு மாதிரி அடுப்பில் ரொட்டி சுடுகிறான்.
அவனும் ஏற்றினான், இருபது தெத்ரி.
காலையில் வரிசையை எண்ணினேன்.
முந்தின நாள் எத்தனை தலையோ அத்தனை தலை.
முணுமுணுப்புதான் கூடியிருந்தது,
அதை எந்தக் கல்லாவில் போடுவது?
அந்த இருபது தெத்ரி எங்கிருந்து வந்ததென்று
சாயங்காலம் என் வாளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மார்ச் எட்டு, பெண்கள் தினம், வேறு கதை.
மத்தியானத்துக்கு மேல் ஆண்கள் ஓடி வருவார்கள்
மறந்துபோன முகத்தோடு.
பத்து என்பேன். பேரம் பேசமாட்டார்கள்.
பன்னிரண்டு என்பேன். மீதிகூட வாங்கமாட்டார்கள்.
ஒன்பதாம் தேதி அதே பூவை
சும்மா கொடுத்தாலும் சுமை.

மாத்திரைக்கு நான் போய் நிற்கும் கடையில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தியோனா
புதுவிலை சொல்வாள், நிமிராமல்.
நிமிர வேண்டியதில்லை. நான் எங்கே போய்விடுவேன்?
அங்கே நான்தான் ரொட்டி வரிசை.

வெள்ளிதோறும் இரோதி வருவார்.
ஒரே ஒரு கொத்து.
காம்புகளை எண்ணுவார்,
ஒற்றையாக இருந்தால் ஒன்றைத் திருப்பித் தருவார்.
இரட்டைப்படைப் பூ யாருக்கென்று
இங்கே குழந்தைக்கும் தெரியும்.
விலையை ஏற்றிய அந்த ஒருநாள் வெள்ளிக்கிழமையாக இருந்தது.
ஐந்து கேட்டேன், கொடுத்தார்.
அடுத்த வாரம் மற்றவர்க்கு நான்கு,
அவருக்கு ஆறு. அட்டையை அவர் படிப்பதில்லை.
பிறகு ஏழு.
பேராசை என்று சொல்லிவிட்டால் எளிது.
அதைவிட மோசம், தெரிந்துகொள்ளும் ஆசை:
இந்த மனிதர் எந்த இடத்தில் வளைவார்?
எட்டு. அதையும் கொடுத்தார்.
நோட்டில் அவர் பெயருக்கு ஒரு கோடு கிழித்தேன்,
மேலிருந்து கீழே, சுவர் மாதிரி.
பக்கத்தில் எழுதினேன்: நெகிழாதவர்.

மாதக் கடைசியில் நல்ல மழை.
பலகைமேல் எண்ணி எட்டு வைத்தார்,
பாதிக்கு மேல் சில்லறை.
தாள் எடுக்கக் குனிந்தபோது காலைப் பார்த்தேன்.
ரியோனி ஆற்றங்கரைச் சேறு, கணுக்காலுக்கு மேல்.
பஸ்ஸில் வந்தவர் காலில் அந்தச் சேறு ஒட்டாது.
நாலு கிலோமீட்டர். திரும்ப நாலு.
இடைவாரில் ஆணியால் புதிதாய்க் குத்திய துளை ஒன்று,
இன்னும் ஓரம் தேயாதது.

நெகிழ்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்,
என் கட்டங்களுக்கு வெளியே,
பஸ் கூலியில், ராத்திரிச் சூப்பில்,
நான் விற்காத எல்லாவற்றிலும்.

"நான்கு போதும்" என்றேன்.
"போன வாரம் எட்டு"
என்று முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.
பூ மலிந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.
மீதியை அவர் பக்கம் தள்ளினேன்.

சற்று யோசித்தார்.
நான்கு லாரியையும் திரும்ப என் பக்கமே தள்ளி
"அப்படியானால் இன்னொரு கொத்து" என்றார்.

காம்புகளை எண்ணிக்கொண்டே
இரண்டு கொத்தையும் கோட்டுக்குள் மறைத்து
ஆற்றுப் பக்கமாக நடந்தார்.
நான் நோட்டை எடுத்துச் சுவரை அழித்தேன்.
அந்த இடத்தில் என்ன கோடு வரும் என்று
பென்சிலுக்கும் தெரியவில்லை.

ஆளில்லாத பஸ் ஒன்று
அவரைத் தாண்டிப் போனது.