மூன்று செக்கன்

வலைப்பந்தில் ஒரு விதி:
கைக்கு வந்த பந்தை
மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.
தரை தொட்ட கால் தொட்டபடி.
மற்றக் காலால் வட்டம் போடலாம்,
திரும்பலாம், தேடலாம்.
ஓட முடியாது.

எனக்கு நாற்பத்தொரு வயது.
கொள்ளுப்பிட்டிக் காப்புறுதிக் கம்பனியில்
இழப்பீட்டுப் பிரிவு, நாலாம் மாடி.
ரீமுக்கு ஒரு ஆள் குறைகிறதென்று
லிஃப்டில் வைத்துப் பிடித்தார்கள்.
"அக்கா உயரம்தானே" என்றாள் இமாஷா.
அந்த ஒரு தகுதியோடு
வியாழன்தோறும் ஐந்தரைக்கு
பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூட மைதானத்தில்
நெஞ்சில் இரண்டு ஆங்கில எழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் மாதம் முழுக்க விசில்.
பந்து வரும். பிடிப்பேன். பிடிப்பதில் குறையில்லை.
பிடித்த பிறகு யோசிப்பேன்.
ஷெரீனுக்கா, அவளுக்கு முன்னால் அந்த வங்கிக்காரி நிற்கிறாளே,
பெர்னதெத் கை நீட்டுகிறாள், ஆனால் போன முறை நழுவ விட்டாள்,
நான் எறிந்து அது வெளியே போனால்
விசில்.
பந்து எதிராளிக்கு.

ஹவ்லொக் வீதியில் மாதம் இருமுறை
டொக்டர் ஃபர்ஸானாவின் குளிர் அறையில்
இதையேதான் வேறு பெயரில் பேசுகிறோம்.
அசைபோடுதல் என்கிறார்.
"மாடு அசைபோட்டால் செரிக்கும்.
நீங்கள் போட்டால்?"
கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துக் காத்திருப்பார்.
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை.
ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆறு வருடமாய் என் கையில் இருப்பது
ஒரு வசனம்.
அம்மாவின் எட்டுச் செலவுக்கு அடுத்த நாள்
வெள்ளவத்தை பிளட்டை விற்பதா இல்லையா என்ற பேச்சில்
தம்பி சொன்னது:
"நீ பாத்தது அம்மாவை இல்லை, வீட்டை."

குளிக்கும்போது பதில் சொல்வேன்.
நூற்றொன்றாம் இலக்க பஸ்ஸில் தொங்கியபடி சொல்வேன்.
யாரோ வீட்டுத் தீ, யாரோ கார் நசுங்கல்,
அந்தக் கோவைகளுக்கு நடுவே
இன்னும் கூரான ஒன்று கிடைக்கும்.
எல்லா வாதத்திலும் நானே வென்றேன்.
ஒரு இரவும் நித்திரை வரவில்லை.

அவன் பெயர் தீபன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு வியாழன்.
கொங்கிரீட்டில் தண்ணீர் தேங்கி, சப்பாத்துகள் கீச்சிட,
பந்து என் கையில்.
இடப்பக்கம் வெட்டி ஓடிய இமாஷா
தொண்டை கிழியக் கத்தினாள்:
"தீபன்! தீபன்!"

நின்றுவிட்டேன்.
மூன்று, நான்கு, ஏழு, தெரியாது.
விசில்கூடக் கேட்கவில்லை.
இவளுக்கு எப்படித் தெரியும்?

கொழும்பில் இருபத்தாறு வருடம்.
சிங்களம் வரும்,
கடைக்கும் கந்தோருக்கும் போதுமான மரியாதைச் சிங்களம்.
சிநேகிதிகள் ஒருமையில் கத்தும் சிங்களத்தை
என்னைப் பார்த்து யாரும் கத்தியதில்லை.
தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது ஷெரீன்தான் சொன்னாள்:
"தாடி எண்டு கத்துறாள். பந்தைத் தாடி!"

பிற்பாதியில் தந்தேன்.
பார்க்காமல் அல்ல, முழுக்கப் பார்த்து முடிக்காமல்.
சில அவளிடம் போயின.
ஒன்று மதில் தாண்டி வீதிக்குப் போக
முச்சக்கர வண்டிக்காரர் தூக்கிப் போட்டார்.
பதினெட்டுக்கு இருபத்தேழு. தோற்றோம்.
ஆளுக்கொரு பட்டிஸ்.

பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் உப்புக் காற்று.
நான் இறங்குவது வெள்ளவத்தையில்,
அந்த விற்காத பிளட்டுக்கு.
அடுத்த ஸ்டேஷன் தெஹிவளை. அங்கேதான் அவன்.
கூரான பதில்கள் எத்தனையோ இருந்தும்
விரல் எழுதியது:
"அங்க மழையா?"
அனுப்பிய பிறகுதான் வாசித்தேன்.
ஒரே கடல், ஒரே வானம், என்ன கேள்வி இது.

அந்த வசனம் வலிக்கிறது, இன்னும், அதே இடத்தில்.
நீல அடையாளம் விழுந்தது.
எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது.
மறுபடி எழுதுகிறான்.
அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே,
யோசிப்பான்.
விசில் ஊத அங்கே ஆளில்லை.

ரயில் வந்தது.
ஈரச் சப்பாத்தோடு ஏறினேன்.