பதினோராயிரத்து நானூறு

கெரின் என் கணுக்காலில் ஒரு எண்ணியைக் கட்டிவிட்டாள்.
மாலையில் கழற்றிப் பார்த்துச் சொன்னாள்:
பதினோராயிரத்து நானூறு அடிகள்.
டாண்டினோங் ஸ்டேஷனுக்கு நடந்து போய்த்
திரும்பியே வந்திருக்கலாம்.
நான் போனதோ
மூடியிலிருந்து ரிவெட் டப்பாவுக்கு,
டப்பாவிலிருந்து
காணாமல் போன டிரில் பிட்டுக்கு.

தரைப்படத்தில் என் நடையைச்
சிவப்புப் பேனாவால் வரைந்து காட்டினாள்.
தட்டில் கவிழ்த்த இடியப்பம்.
"இவ்வளவும் வீண்" என்றாள், கோபமில்லாமல்,
எக்ஸ்ரே காட்டும் டாக்டர் மாதிரி.

மூன்று நாள் இயந்திரங்கள் வாய் மூடின.
ஜனவரி. தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பாகை.
தேவைப்படாததற்கெல்லாம் சிவப்புச் சீட்டு.
டூஷானின் இழுப்பறை மட்டும்
பூதம் காத்த புதையல்:
எந்த நட்டுக்கும் பொருந்தாத போல்ட்டுகள்,
பிடியில்லாத அரம்,
எவருடையதென்று தெரியாத ஒரு கண்ணாடி.
"ஒருநாள் தேவைப்படும்."
எந்த நாள் என்று கெரின் கேட்டாள்.
நாள்காட்டியைப் பார்த்தான். கண்ணாடியைச்
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
மிச்சத்துக்குத் தானே சீட்டு ஒட்டினான்.

பிறகு குழாய்கள் வந்தன.
வெட்டி, மூட்டுப் பூட்டி,
ஒரே ஒரு அல்லன் சாவியால் எழுந்து நின்றது ராக்.
உருளைத் தடங்கள். பின்னால் வைத்தால்
பெட்டி தானாகச் சரிந்து என் கைக்கு வரும்.
தீர்ந்த பெட்டிக்குக் கீழே வேறு தடம்,
எதிர்ச்சரிவு.
சியோனேக்கு மேசையை உயர்த்தினார்கள்.
எனக்குத் தாழ்த்தினார்கள்.
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக
ஒரு மேசை என் இடுப்பை விசாரித்தது.

கறுப்பு ஸ்பாஞ்சில் கருவிகளின் உருவம் வெட்டியது நான்தான்.
எடுத்தால் அடியில் மஞ்சள் தெரியும்.
சுத்தியல் வடிவில் மஞ்சள். குறடு வடிவில் மஞ்சள்.
இல்லாததும் இனி தொலைவிலிருந்தே தெரியும்.

மறுபடி எண்ணி கட்டினாள்.
மூவாயிரத்து நூறு.
என் முழங்கால் அவளுக்குக் கோவில் கட்டும்.
பொய் சொல்லவில்லை,
அன்றிரவு வீட்டுப் படியைப்
பிடி பிடிக்காமல் ஏறினேன்.

ஆனால் அந்த இடியப்பத்துக்குள்
ரஹீமியின் வெல்டிங் மூலை இருந்தது.
முகமூடியைத் தூக்கி
"மகளுக்குச் சோதனை முடிந்ததா" என்பான்.
ஷட்டர் கதவு இருந்தது, அதில் ஒரு பாய் அகலத்துக்கு வானம்.
ஹோவாவின் பொதி மேசை இருந்தது.
போகிற போக்கில் உள்ளங்கையில் வைப்பாள்
மிளகாயுப்பு பிரட்டிய மாங்காய்க் கீற்று.
படத்தில் அதற்கெல்லாம் குறியில்லை.
பேனாவுக்குத் தெரியாது.

மிஞ்சியது நாற்பத்தொரு நிமிடம்.
திங்கட்கிழமை வெள்ளைப்பலகையில்
அறுபத்துநாலு மூடியை அழித்தார்கள்.
கணக்குப்படி எழுபது.
பார்க்க வட்டமாக இருக்கட்டுமென்று
எழுபத்தைந்து.
மிஞ்சிய நிமிடம் எங்கே என்று கேட்பதற்கில்லை.
அதற்கும் கோடு போட்ட இடம் ஒன்று
யாரிடமோ இருக்கிறது.

வெட்டி விழுந்த குழாய்த் துண்டுகளைக்
குப்பைக்குப் போகுமுன் பொறுக்கி வைத்திருந்தேன்.
ஒரு வெள்ளி, வேலை முடிந்த பிறகு,
ராக்கின் ஓரத்தில் இன்னொரு தடம் பூட்டினேன்.
ஒல்லியானது. ஹோவா பக்கம் உயரம், என் பக்கம் தாழ்வு.
அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.
செவ்வாய், பத்து மணிக்குச் சற்று முன்னர்,
உருளைகள் கடகடத்தன.
ஐஸ்கிரீம் டப்பா.
வெறும் டப்பாவைக் கீழ்த்தடத்தில் அனுப்பினேன்,
மறுநாள் உள்ளே இரண்டு உளுந்து வடையோடு.

ரஹீமி சும்மா இருப்பானா,
லேபிள் அச்சடித்து ஒட்டிவிட்டான்:
பொருள் எண் எச்-ஏழு.
குறைந்தது ஒன்று. கூடியது மூன்று.
வழங்குநர்: ஸ்பிரிங்வேல் சந்தை.

தணிக்கைக்கு வந்த கெரின்
அந்தத் தடத்தின் முன் நின்றாள்.
லேபிளை வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.
பட்டியலில் எச்-ஏழைத் தேடினாள்.
ஹோவா அந்தப் பக்கமிருந்து தள்ளினாள்.

கெரின் கையில் சிவப்புச் சீட்டு.
நாக்கில் உப்பும் மிளகாயும்.
"கூடியது நாலு என்று மாற்றுங்கள்" என்றாள்.

பலகையில் இன்னும் எழுபத்தைந்துதான்.