கடற்கரை வரை

எழுத்துக் கூட்டிப் படிக்க வந்து
பதினெட்டு நாள்தான் ஆகிறது ஜெசிந்தாவுக்கு.
அதற்குள் ரயில்வேயைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. சானட்டோரியத்தில் ஏறினோம்.
மடியில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி,
வாளிக்குள் மண் தோண்ட ஒரு குழம்புக் கரண்டி.
கடற்கரை என்று வண்டியின் நெற்றியிலேயே
போட்டிருக்கிறதாம்.
அந்தக் கடற்கரை வேறு என்று
குரோம்பேட்டைக்குள் சொல்லிவிட நினைத்தேன்.
கடலைக்காரர் வந்தார். வாங்கினோம்.

பல்-லா-வ-ர-ம்.
"தப்புப்பா. பல்லா வரும்.
ரு போட மறந்துட்டாங்க."
மேல்வரிசையில் இரண்டு போன வாயை
ஜன்னல் கம்பிக்கு நேராகத் திறந்து வைத்தாள்.
திரிசூலம் தாண்டியும் மூடவில்லை.

மீனம்பாக்கத்தில் மீன் இல்லாததற்கு
என்னைத்தான் முறைத்தாள்.
அப்போது பார்த்து ஒரு விமானம்
வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு தாழ இறங்கியது.
"ஓ... பெருசாயிடுச்சா" என்றாள்.

சைதாப்பேட்டையில் தூங்கிப்போனாள்.
யாரும் தொடவில்லை, எழும்பூரில் எழுந்தாள்.
கண்ணைக் கசக்கிக்கொண்டே பலகையைப் படித்து
"இது கரெக்ட்" என்று தலையாட்டினாள்.

கடற்கரை.
இறங்கினால் தண்டவாளம், தூண், பூட்டிய டீக்கடை,
தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்களின் கழுத்து.
வாளியோடு நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.
அப்பாக்களுக்கே உரிய அந்தக் குரலில்
நான் தொடங்கினேன்:
பேர்ங்கறது என்னன்னா, அந்தக் காலத்துல...
அவள் அதற்குள் சிமெண்ட் பெஞ்சில் ஏறி
உட்கார்ந்துவிட்டாள்.
"கடல் இன்னும் வரல. அடுத்த டிரெயின்ல வரும்."
பக்கத்து இடத்தில் வாளியை வைத்தாள்,
வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதே.

கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்றது.
முதலில் செல்போனோடு நாலு பையன்கள்.
பிறகு, அலுமினிய அன்னக்கூடை நிறைய மீனோடு
ஒரு அம்மாள்,
நடக்கிற வழியெல்லாம் சொட்டச் சொட்ட.
என் தொடையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது.
"பாத்தியா! மீன்லாம் முன்னாடி வந்துடுச்சு."

வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
நானும் எட்டிப் பார்த்தேன்.

இன்று திங்கள். சீசன் டிக்கெட்,
நிற்க இடமில்லை, யாரோ ஒருவரின் டிபன்பாக்ஸ்
விலாவில் இடிக்கிறது.
பதினோரு வருடமாக இதே வழி.
பல்லாவரத்தில் வண்டி நின்றதும்
நாக்கு தானாகப் போய்
போன மாதம் கடைவாயில் பிடுங்கிய இடத்தைத்
தடவிப் பார்த்துக்கொண்டது.