காற்று இழுக்கும் மோட்டார்

இரவு இரண்டு நாற்பது.
மஞ்சக்குப்பத்தில் கரண்ட் இருந்தது.
ஃபேன் சீராக ஓடியது.
வேதவல்லி சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கினாள்.
எனக்குள் மட்டும்
வோல்டேஜ் ஏறி இறங்கியது.

முதலில் பல்லி என்று நினைத்தேன்,
பனியனுக்குள் விழுந்த பல்லி.
தட்டிவிட்டேன்.
அது தோலுக்கு அந்தப்பக்கம் இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்.
தண்ணீர் இறங்கிய பின்னும்
நிறுத்த ஆளில்லாமல் ஓடும் மோட்டாரை
ரோட்டில் நின்றே சொல்லிவிடுவேன்:
இரண்டு துடிப்பு, ஒரு தடுக்கல்,
அவசரமாக மூன்று,
அப்புறம் ஒன்றுமே இல்லாத ஓர் இடம்.
அந்த இடத்தில்தான் எனக்கு வியர்த்தது.

சனிக்கிழமைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.
கடை சாத்தியதும் அமலதாஸ் வண்டி.
ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
கன்னியக்கோயில்.
அங்கே விலை குறைவு.
குறைந்த விலைக்கு அதிகம் குடிப்பதை
நாங்கள் மிச்சம் பிடிப்பது என்போம்.
திரும்பி வரும்போது செக்போஸ்டில்
டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.
காலி.
வயிற்றில் கடத்துவதற்கு
இன்னும் சட்டம் வரவில்லை.

ஆட்டோவில் வேதவல்லி ஒன்றும் பேசவில்லை.
தலைமுடியைக்கூட முடியவில்லை.
என் செருப்புகளைக் கையில் வைத்திருந்தாள்,
ஏனென்று அவளுக்கும் தெரியாது.

பெரியாஸ்பத்திரியில்
கைக்கும் காலுக்கும் கிளிப் மாட்டினார்கள்,
நான் மீட்டர் வைத்துப் பார்ப்பேனே, அது மாதிரியே.
பேப்பர் நீளமாக வந்தது.
அதில் என் கையெழுத்தைப் போலவே
கோணலாக ஒன்று ஓடியது.

"குடிப்பீங்களா?"
"எப்பவாவது."
"நேத்து எவ்வளவு?"
"ரெண்டு."
"ரெண்டு குவார்ட்டர், டாக்டர்.
மேல ரெண்டு பீர்,"
என்றாள் வேதவல்லி.
துவைக்கப் போடும் சட்டையிலிருந்து
பில்லை நனையாமல் எடுத்து வைக்கிறவள்.
என்னைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

அந்தச் சின்னப் பெண் டாக்டர் திட்டுவாள் என்று
கழுத்தைத் தாழ்த்திக்கொண்டேன்.
"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்றாள்.
நாற்பத்தாறு வயதில்
முதல்முறையாக ஒருவர் கேட்கிறார்.
யோசித்தேன்.
டீ ஆறு. சோடா, அதில் கலந்தது.
தண்ணீர் என்று தனியாக...
மாத்திரை விழுங்கும்போது.

விடியும் முன் அடங்கிவிட்டது.
"இந்தத் தடவை தானா சரியாயிடுச்சு."
அவள் சொன்னதில்
இந்தத் தடவை என்பது மட்டும்
வெளியே வரும்வரை என்கூடவே நடந்தது.

இப்போது பட்டறையில் ஒரு பாட்டில்.
காயில் நம்பர் போடும் மார்க்கரால்
கோடு கிழித்திருக்கிறேன்:
பத்து மணி, பன்னிரண்டு, மூன்று.
மூன்று மணிக் கோட்டை
பெரும்பாலும் ஐந்து மணிக்குத்தான் தொடுகிறேன்.
பையன்கள் சிரிக்கிறார்கள்.
சிறுநீருக்கு நாலு கடை தள்ளிப் போகவேண்டியிருக்கிறது.

விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய்.
ஐந்தாவது சனிக்கிழமை போனேன்.
ஒரு பீர். ஒரு ஜக் தண்ணீர்.
மேசைக்கு அடியில்
இடது மணிக்கட்டில் வலது விரல்.
"என்னடா, நாடி ஜோசியமா?"
அமலதாஸ் கேட்டான்.
பிறகு ஆள் எட்டிப் பார்க்காத நேரத்தில்
அவனும் தன் மணிக்கட்டைப் பிடித்தான்.
சரியான இடம் கிடைக்கவில்லை அவனுக்கு.
காட்டிக்கொடுத்தேன்.

நேற்று குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருத்தர்
ஒன்றரை ஹெச்பி மோட்டாரைத் தூக்கி வந்தார்.
"தண்ணியில்லாம ஓட்டினீங்களா?"
"ரெண்டே நிமிஷம்தான்."

திறந்தேன்.
தாமிரம் கருகிக் கட்டியாகியிருந்தது,
வார்னிஷ் நாற்றம் மூக்கில் ஏறியது.
வழக்கமாக இந்த இடத்தில்
நான் நிறையப் பேசுவேன்.
ரெண்டு நிமிஷத்தில் இது ஆகாது,
ராத்திரி முழுக்க ஓடியிருக்கு என்பேன்.

பாட்டிலை எடுத்து
கோடு வரை குடித்தேன்.
அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றினேன்.