நான்கு குழாய்கள்

விளம்பரத் தாள் சொல்கிறது: நானூற்று முப்பது கிலோ தூக்கும்.
அடியில், எறும்பு எழுத்தில்: கரத்தின் ஆணிமுனையில்.
ஆணியில் யார் எருமூட்டை கட்டித் தூக்குகிறார்கள்?
ஆணிக்கு அரை மீட்டர் முன்னால்
வாளியின் வயிற்றில் சுமை உட்காரும்போது
முன்னூறுகூடத் தேறாது.
பென்சிலால் அடித்து எழுதினேன்.
இளந்திரையன் சிரித்தான்.
சுங்கை காடுட் கடையில் இதுவரை
அந்த வரியை யாரும் வாசித்ததில்லையாம்.

எங்கள் டிராக்டர் இருபத்தைந்து குதிரைதான்.
ஆசைப்பட்டுப் பெரிய வாளி மாட்டினால்
முன்சக்கரம் குனியும், பின்சக்கரம் மண்ணை மறக்கும்.
லிம் சூ காங்கில் ஒரு டிசம்பர் மழைக்குப் பிறகு
கைலான் பாத்திகளுக்கு நடுவே
அப்படி நின்றிருக்கிறோம்,
மூக்கு சேற்றில், வால் வானத்தில்.
மொனிருல் பின்கொக்கியில் தாவி உட்கார்ந்து
தன் அறுபத்தொரு கிலோவைத் தானம் செய்தான்.
இனி அது வேண்டாம்.
பட்டியலில் சேர்த்தேன்: பின்னால் தொங்க
காங்கிரீட் நிரப்பிய பீப்பாய் ஒன்று.

வாளி நான்கடி. பல் வேண்டாம், மட்ட விளிம்பு.
இதுவரை சண்டை இல்லை.
சண்டை இணைப்பில் வந்தது.

நான்கு குழாய்: தூக்க, இறக்க, கவிழ்க்க, நிமிர்த்த.
நான்குக்கும் தனித்தனி இணைப்பி என்றால் மலிவு.
நான்கையும் ஒரே தட்டில் கோத்து
ஒரே நெம்புகோலில் பூட்டுவது என்றால்
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கூடுதல்.

மிஸ் குவா கணக்கைப் பார்த்தார், கோப்பியைப் பார்த்தார்.
"ஒருதரம் மாட்டினால் கழற்றவே போவதில்லை. எதற்கு?"
நிலத்தின் குத்தகை முடிய எத்தனை மாதம் என்பதை
அவர் சொல்லவில்லை.
எல்லோருக்கும் தெரியும்.

கழற்றுவோம் என்றேன்.
வலைக்குடிலின் வாசல் குறுகல்,
கரத்தோடு வண்டி திரும்பாது.
வாரத்தில் நான்கு நாள் கழற்றுவோம்.

பழையதைக் கழற்றும் அழகை நான் பார்த்திருக்கிறேன்.
வெயிலில் கிடந்த கரத்துக்குள் எண்ணெய் விரிந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
இணைப்பி வாய் திறக்காது.
அஸ்மான் அதன் மூக்கை மரக்கட்டையில் வைத்துத் தட்டுவார்.
சர்ரென்று ஒரு கோடு அவர் சட்டையில்,
மீதி சிமெண்டுத் தரையில்.
இஞ்சினை அணைத்து, கம்பியை நான்கு பக்கமும் ஆட்டி
அழுத்தம் இறங்கியபின் கழற்றவும் என்று
மூன்று மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
அவசரத்துக்கு எந்த மொழியும் தெரியாது.

சிமெண்டில் விழுந்த சொட்டு
மாலை மழையில் வானவில் ஆகும்.
வானவில் சாக்கடையில் இறங்கும்.
சாக்கடை வாய்க்காலுக்கு, வாய்க்கால்
கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்கு.
அங்கிருந்து எந்த வழியாகவோ
ஈசூன், பதினோராம் மாடி, என் சமையலறைக் குழாய்.
இதைச் சொற்பொழிவாக்கவில்லை.
"உங்கள் வீடு எங்கே?" என்று மட்டும் கேட்டேன்.
"சுவா சூ காங்," என்றார் மிஸ் குவா.
கோப்பியைக் கீழே வைத்தார்.
"முகம் தட்டையாக இருக்குமே, அதுவா?"
"அதுதான். பிரியும்போது ஒரு துளிகூட—"
"சரி, சரி."

செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியது.
நெம்புகோலை இழுத்தேன். க்ளக்.
நான்கு வாயும் நான்கு வாயோடு.
திரும்பத் தள்ளினேன், பிரிந்தது.
கைக்குட்டையால் அந்த முகங்களைத் துடைத்துப் பார்த்தேன்.
லேசான ஈரம். சொட்டு இல்லை.

மறுபடி பூட்டினோம். மொனிருல் இருக்கையில் ஏறினான்.
"தூக்கு."
வாளி கவிழ்ந்தது.
"கவிழ்."
கரம் கம்பீரமாக எழுந்து நின்றது.
அஸ்மானுக்குத் தேநீர் புரையேறியது.
வால்விலிருந்து தட்டுவரை குழாய் இழுத்தவர் அவர்தான்.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளித் தட்டு
தன் பக்கம் தவறு செய்யாது,
நம் பக்கத்துக்கு அது பொறுப்பில்லை.

ஜோடிகளை மாற்றி மாட்டினோம்.
கைப்பையில் நகச்சாயம் இருந்தது, கருஞ்சிவப்பு,
தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது.
தூக்கும் ஜோடிக்கு ஒரு பட்டை,
கவிழ்க்கும் ஜோடிக்கு இரண்டு.
குந்தி உட்கார்ந்து, காயும்வரை ஊதினேன்.
பின்னால் வந்து நின்ற மிஸ் குவா
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இதற்கு ரசீது இருக்கிறதா?"