விரலுறை

பீல் நகரில், ஷூஸ் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி,
மூன்றாம் மாடியில் என் வேலை
எண்ணெய் வைப்பது.
தலைக்கல்ல, கல்லுக்கு.
எள்ளை விடச் சிறிய மாணிக்கக் கல்.
எள்ளுக்குள் எண்ணெய் இருக்கும்,
இதற்குள் இராது.
ஊசி நுனியில் தொட்டு
வெளியிலிருந்துதான் வைக்க வேண்டும்.

இரண்டாயிரம் பாகைச் சுவாலையின் கீழ்
சொட்டுச் சொட்டாய் வளர்த்த கல் இது.
அலுமினியமும் ஒட்சிசனும்
கொடுத்தும் வாங்கியும் இறுகிவிட்டன,
இனிப் பிரிப்பதென்றால் மறுபடி அந்த நெருப்பு வேண்டும்.
அலுமினியத்தின் இருக்கையில் ஆங்காங்கே
குரோமியம் வந்து உட்கார்ந்திருக்கிறது.
அதனால் கல் உடைந்துபோகவில்லை.
சிவந்தது,
அவ்வளவுதான்.

எண்ணெயில் இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.
நீண்ட சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.
இங்கே ஓர் இலத்திரன்
ஒரு கணம் ஒரு பக்கம் சாய்ந்தால்
அயலில் உள்ளதும் சாயும்.
சண்டை நடந்த வீட்டில்
முகம் பார்க்காத இருவர்
தெருவில் கேட்ட ஒரே சத்தத்துக்கு
ஒன்றாகத் திரும்புவது போல.
அந்தச் சாய்வுதான் இழுப்பு.
அடுத்த கணம் அது இல்லை, பிறகு மறுபடி.
இதை நம்பித்தான் ஒரு துளி
துளியாக நிற்கிறது.

அணு என்று சொல்லும்போதே என் காதில்
அணுகு என்று பாதி கேட்கும்.
அணுகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்,
ஓர் எல்லைக்கு மேல்
அவை தள்ளிவிடும்.

துளி பரவக் கூடாது.
பரவினால் அச்சு காயும், தேயும், நேரம் நிற்கும்.
அதற்காகத் தகட்டில் ஒரு பூச்சு,
கண்ணுக்குத் தெரியாது,
எண்ணெயோடு ஒட்டுமில்லை உறவுமில்லை.
தாமரை இலை தண்ணீருக்குச் செய்வதை
இது எண்ணெய்க்குச் செய்கிறது.
பூச்சுக்கு முன் யாரும் தொடக் கூடாது.
பத்து விரலுக்கும் பத்து ரப்பர் உறை.

மே மாதம் ஒரு கடிகாரம் திரும்பி வந்தது.
நாளுக்கு நாலு நிமிடம் பின்தங்கி
பிறகு நின்றே போனது.
மிஸ்யூ வூமார் திறந்து வில்லையின் கீழ் வைத்துவிட்டு
எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

துளி இருந்த இடத்தில் துளி இல்லை.
துளையிலிருந்து எண்ணெய் வழிந்து
வளைந்து வளைந்து
வரப்பு வரப்பாய் ஓடியிருந்தது.
ஒரு கைரேகை.
தோலின் பிசுக்கு, ஒரு மூலக்கூறின் தடிப்பு இருக்குமோ என்னவோ,
அதன் மேல் பூச்சுப் பிடிக்கவில்லை.
எண்ணெய் தன் இனத்தைக் கண்டுகொண்டது.

ரேகைச் சுழியைக் குறுக்கே வெட்டி ஒரு வெறுமை.
முகாமில் கூரைத் தகரம் கிழித்த தழும்பு.

வலோர்ப் பதிவு நிலையத்தில் அதிகாரி
இந்த விரலை மூன்று முறை கண்ணாடியில் அழுத்தினார்.
பிடிக்கவில்லை என்றது இயந்திரம்.
துடைத்தார், ஊதினார், நாலாம் முறை
என் மணிக்கட்டைப் பிடித்து அவரே அழுத்தினார்.
அன்று பதிய மறுத்த விரல்
இங்கே ஒருவரும் கேட்காமல் பதிந்திருக்கிறது.

"யாருடையது?"
ஃபியொரென்ஸா உறையைக் கழற்றித் தன் கையைப் பார்த்தாள்.
செம்ஹார் பார்த்தாள்.
நான் பார்க்கவில்லை.
என்னுடையது என்றேன்.
அன்று உறையை ஏன் கழற்றினேன்?
வியர்த்திருக்கலாம். தொலைபேசி வந்திருக்கலாம்.
வூமார் புத்தகத்தில் திகதி எழுதினார், என் பெயரில்
ஓர் எழுத்தைப் பிழையாக.

தகட்டைக் கரைப்பானில் போட்டோம்.
பத்து நிமிடத்தில் ரேகை போய்விட்டது.
கல் அப்படியே.
புதுப் பூச்சு, புதுத் துளி,
துளை விளிம்பில் பாதி வரை ஏறி நின்றது.

ஐந்தரைக்கு ரயில் நிலையம் போகும் பஸ்ஸில்
வெறுங்கையால் கம்பியைப் பிடித்தேன்.
எனக்கு முன் யாரோ பிடித்த இடம்
இன்னும் கொஞ்சம் பிசுபிசுத்தது.
கையை மாற்றவில்லை.