காலண்டர் ஆணி

தேவிகுளம் மேட்டில்
டிசம்பர் ஏழு மணிக்கு ஓடு வழுக்கும்.
புல்லெல்லாம் சீனி தூவினமாதிரி உறைபனி.
ஏணியின் கடைசிப் படியில் நின்று
புகைக்கூண்டின் வாய்க்குள் முகத்தை நீட்டினேன்.
தொண்ணூறு தாண்டிய வாய்.
நாறத்தான் செய்தது.

போடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவன் நான்.
திருகிப் பூட்டுகிற எட்டுக் கம்பு,
நுனிக்கு ஒரு கம்பித் தூரிகை,
ஈரச்சாக்கு, வைக்கோல், பழைய தினத்தாள்,
கயிற்றில் கட்டி இறக்க ஒரு கீறல் விழுந்த போன்.
இவ்வளவுதான் தொழில்.

ஈப்பச்சன் கீழிருந்து கத்தினார்:
"வேகம் தீர்க்கணும் கேட்டோ,
இருபத்தொண்ணு கெஸ்ட் வருந்நு.
ஒரு பேப்பர்ல ஒப்பிட்டா மதி."

கரியில் மூன்று ரகம்.
கண்மை போல் உதிர்வது ஒன்று.
தோசை ஓரம்போல் பெயர்வது ஒன்று.
மூன்றாவது, பச்சை கிராண்டிஸ் விறகு
அழுது அழுது எரிந்த வீட்டில்
தாராகி, கண்ணாடியாகிச் சுவரில் ஒட்டியிருக்கும்.
அது தீப்பிடித்தால்
கூண்டுக்குள் ரயில் போகிற சத்தம் கேட்கும்.
ஒரு தடவை கேட்டிருக்கிறேன்,
பீர்மேட்டில்.
போதும்.

இங்கே மூன்றும் இருந்தது.
ஒரு மூட்டை முக்கால் இறக்கினேன்.
கூடவே ஒரு குருவிக்கூடு, காலி.

போன் இறங்கியது,
செங்கல் செங்கலாக.
பதினோராவது அடியில்
சுண்ணாம்பு தின்னப்பட்ட ஒரு கோடு.
விரல் நுழையும்.
எங்கே போய் முடிகிறதென்று
போனுக்குத் தெரியவில்லை.
அதற்குத்தான் வைக்கோல்.

மேலே வாயை ஈரச்சாக்கால் அடைத்தேன்.
கீழே கணப்பில் வைக்கோலைக் கொளுத்தி
முகப்பைத் தகரத்தால் மூடிவிட்டு
அறை அறையாகப் போனேன்.
கூடத்தில் இல்லை.
விருந்தாளி அறை இரண்டிலும் இல்லை,
புதுப் பெயிண்ட் வாசம் மட்டும்.
சமையலறைக்குப் பின்னால்
சந்தனமாரி படுக்கிற அறையில்
காலண்டருக்குப் பின்னிருந்து வந்தது,
சுவருக்குள் யாரோ குந்தி
பீடி குடிக்கிறமாதிரி,
நிதானமாக.

"அடியாத்தி" என்றாள்.
காலண்டரை எடுத்தாள்.
ஆணி அடித்த இடத்தைச் சுற்றிப்
பழுப்பாக ஒரு வட்டம்.

கட்டில் அந்தச் சுவரை ஒட்டியே கிடந்தது.
"இந்தச் சுவருதான் சூடா இருக்கும்.
நாலு மார்கழியா
இதுலதான் முதுகக் கொடுத்துத் தூங்குறேன்."

விடிஞ்சா தலை வலிக்குமா?

"மலைன்னா வலிக்கத்தான செய்யும்.
கட்டன்காப்பி குடிச்சாப் போயிரும்."

புகை கண்ணுக்குத் தெரியும்.
கூடவே வருகிற ஒன்றுக்கு
நிறமும் இல்லை, மணமும் இல்லை.
அதை அவளுக்கு எப்படிக் காட்டுவது?
"இன்னும் ரெண்டு ராத்திரி கதவைத் திறந்துவச்சுப் படு" என்றேன்.
குளிரில் கதவைத் திறக்கச் சொல்கிற கிறுக்கனை
அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாள் விரிசலை அடைத்தேன்.
உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே
அவள் கேட்டாள்:
"அப்ப இனி இது சில்லுன்னு ஆயிருமே?"
ஆகும்.
இதற்கு என் பையில் சாமான் இல்லை.
கூடத்தில் காய்ந்தவர்களின் மிச்சச் சூடு
அவளுக்கு வந்த அதே பாதையில்தான்
மற்றதும் வந்துகொண்டிருந்தது.
ஒன்றை விட்டு ஒன்றை அடைக்கிற சிமென்ட்
எங்கும் விற்பதில்லை.

படிவம் எழுதினேன்.
மேல்மூடி: இல்லை, போட வேண்டும்.
விரிசல்: ஒன்று, அடைத்தாயிற்று.
விறகு: ஆறு மாதம் காய்ந்தது மட்டும்.
குறிப்பு: பின்னறைக்கு ஒரு கரண்ட் ஹீட்டர்.
மாட்டிய பிறகே கணப்பு மூட்டலாம்.

ஈப்பச்சன் எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பார்.
கடைசி வரியில் நின்றார்.
"இது சிம்னியில பெடுமோ?"

"பெடும்" என்றேன்.

எட்டு வருஷத்தில்
படிவத்தில் நான் எழுதிய முதல் பொய்.
பொய்தானா என்றும் தெரியவில்லை.

ஒப்பு இன்னும் போடவில்லை.
பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.
வளைவில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது.
அவர் திரும்பி
வராந்தாவில் சுற்றிக்கொண்டிருந்த
கரண்ட் மீட்டரைப் பார்த்தார்,
பார்த்துக்கொண்டே இருந்தார்.